கார் டீச்சரின் ஆக்ஸிலேட்டர்

சிவகாசியில் அவசரமே படாமல் வாழ்ந்த ஒரே உயிர் எங்கள் கார் டீச்சர்தான். தீபாவளி சீசனில் ஊரே லோடு, ஆர்டர் என்று தலைதெறிக்க ஓடும்போது, அவர் மட்டும் தண்ணீருக்குள் நடப்பவர் போல நடப்பார். காலையில் "சாப்பிட்டீகளா டீச்சர்?" என்று கேட்டால், இரண்டாவது பீரியட் முடிந்து "இட்லி" என்பார்.

செல்போன் பரவத் தொடங்கிய வருஷங்கள் அவை. ஒரு தனியார் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. அவர் அறிவியல் ஆசிரியை. பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த அப்பா விட்டுப்போன பழைய பச்சைக் கார் அவரிடம் இருந்தது. ரிப்பேரெல்லாம் அவரே பார்ப்பார். அவர் ஓட்டும்போது சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போவார்கள். சாயம் பூசிய காகிதங்கள் வெயிலில் காய்வதைக் கண்டால் வண்டியை நிறுத்திவிட்டு, கனவு காண்பவர் போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு வந்த அரசு வேலைக்கான ஆணை எங்கெங்கோ சுற்றி, கடைசி நாள் மதியம்தான் கைக்குக் கிடைத்தது. மாலை ஐந்து மணிக்குள் விருதுநகர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்தவருக்கு. நான்கு வருஷம் காத்திருந்த வேலை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடப்போன என்னை மறித்து, தானே கொண்டுபோய் விடுவதாகக் கார் டீச்சர் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. ஏறும்போதே வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆமத்தூர் நெருங்கும்போது ஒரு மாட்டுவண்டியை முந்த ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மிதித்தது மிதித்தபடியே நின்றுவிட்டது. காலை எடுத்த பிறகும் கார் பாய்ந்தது. கரிசல்காடு பின்னால் பறந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சற்று நேரம் கழித்து, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில், "வேகம் குறைய மாட்டேங்குது" என்றார். முன்னால் பட்டாசுப் பெட்டி ஏற்றிய லாரி. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, பிரேக்கை மிதித்து, மெல்ல ஓரங்கட்டினார். மணி மூன்றே முக்கால்.

"அப்படியே விட்டிருந்தா நாலு மணிக்கே போயிருக்கலாம் டீச்சர்."

"போயிரலாம் தாயி. நிக்கணும்ல?"

பானெட்டைத் திறந்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் அதில் இரண்டு. ஒன்றில், காற்றை விடும் தகட்டின் அச்சில் பல வருஷத்து அழுக்கு பிசினாக இறுகியிருந்தது. தகடு திறந்தால் மூடவில்லை. இழுத்து மூட வேண்டிய ஸ்பிரிங்கும் தளர்ந்துபோயிருந்தது. பெட்ரோல் விட்டுக் கழுவினால் சரியாகிவிடுமாம். ஆனால் சூடான எஞ்சினில் பெட்ரோல் விடக்கூடாதாம். ஃபோர்மேன் மகள் அல்லவா, வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பிதுங்கி வழிந்த பஸ் ஒன்று நான் கைகாட்டியும் நிற்காமல் போனது. நான் அழுவதைப் பார்த்தவர், பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து, "அங்கன பாரு. அந்த மேகம் நம்ம ஹெச்.எம். மாதிரியே இல்ல?" என்றார். பார்த்தேன். தொந்தியும் கண்ணாடியும் உட்பட ஹெச்.எம்.தான். அழுதுகொண்டே சிரித்தேன். பருத்திச் செடிகளுக்கு மேல் ஹெச்.எம். கரைந்து ஒட்டகமாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எஞ்சின் ஆறியது. கைப்பையிலிருந்து பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துப் பெட்ரோலில் நனைத்துத் தேய்த்தார். அச்சு முனைகளில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். ஸ்பிரிங்கை அடுத்த ஓட்டைக்கு இழுத்து மாட்டினார். என்னை உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்து விடச் சொன்னார். தகடு 'டக்'கென்று மூடியது. அந்தச் சத்தம் பிடித்துப்போய், பத்துத் தடவை மிதிக்கச் சொன்னார்.

நான்கு முப்பத்தைந்துக்குக் கிளம்பினோம். அதன்பிறகு நடந்ததை எங்கள் பள்ளியில் யாரும் நம்பவில்லை. கார் டீச்சர் தானாகவே, தன் காலாலேயே, அந்தக் காரை விரட்டினார். எங்களை ஒரு சைக்கிளும் முந்தவில்லை. பேசவில்லை, மேகம் பார்க்கவில்லை, உதட்டைக் கடித்தபடி ரோட்டை மட்டுமே பார்த்தார். நான்கு ஐம்பத்தைந்துக்கு அலுவலக வாசலில் கார் அசையாமல் நின்றது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன். மல்லாங்கிணறு பள்ளியில் வேலை. சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஸ்டியரிங்கில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காட்டன் சேலை முழுக்கக் கறுப்பு மசி.

எழுப்ப மனம் வரவில்லை. முகத்தில் வெயில் விழாதபடி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.