மாலையோடு திரும்பிய குடித்தனக்காரன்

பொய் சொல்ல ஒரு முகவெட்டு வேண்டும். எனக்கு அது கிடையாது. இருந்தும் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னேன், ஒரு வீட்டுக்காக. (வீடு என்றால் மாளிகை இல்லை. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, மழைக்கு வைக்க இரண்டு வாளி.)

ஐம்பதுகளில், இலங்கை மலைநாட்டு ஹட்டன் டவுனில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். குடியிருந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், அப்பாவின் ஒற்றை அறைக் காம்பிராவில். அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள், நான், மாசமாக இருந்த என் பெண்டாட்டி பார்வதி, எல்லோருக்கும் அந்த ஒரே காம்பிராதான். தோட்டத்தில் பேர் பதியாதவன் லயத்தில் தங்கக்கூடாது, மாதம் முடிவதற்குள் கிளம்பு என்று தோட்டத்து மேற்பார்வை உத்தியோகஸ்தர் கண்டாக்கையா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

டவுனில் வீடு இல்லாமல் இல்லை. எல்லாம் பூட்டிக் கிடந்தன. வாடகையை ஏற்றக்கூடாது, குடியிருப்பவனைக் கிளப்பக்கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து உள்ளே இருந்தவர்கள் மகாராஜாக்கள். வெளியே நின்ற எங்களுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. வேலாயுதம் முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் மூன்று அறைகள் இருந்தன. ஒன்றில் பென்ஷன் வாங்கிய கிளாக்கர் ஒருவர், ஆதிகாலத்து வாடகையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கூரை ஒழுகுகிறது என்று அவர் சொன்னால், "அந்த வாடகைக்கு மழை இனாம்" என்பார் முதலாளி. மற்ற இரண்டு அறைகளிலும் உருளைக்கிழங்கு மூட்டைகள்.

"கெழங்கு மொளச்சா தூக்கி வெளிய போட்டுரலாம். மனுசன் வேர் விட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் என்னிடம். வேலை என்ன, சம்பளம் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான். "நீ எப்ப போவ?"

பார்வதியின் வயிற்றைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது. "இந்தியாவுக்குப் போறோங்க. புள்ள பொறந்ததும் கப்பலேறிருவோம்."

அன்றைக்கே ஒரு அறையிலிருந்து மூட்டைகள் வெளியேறின, நாங்கள் உள்ளே போனோம்.

"ஏங்க, இந்தியாவுல நமக்கு யாரு இருக்கா?" என்றாள் பார்வதி.

"அவரு மறந்துருவாருடி."

"ஒவ்வொரு கெழங்கோட மொகத்தையும் ஞாபகம் வச்சிருக்க மனுசன், மறப்பாரா?"

மகன் பிறந்தான். முதலாளி மறக்கவில்லை. அதைவிடக் கொடுமை, எங்கள் மேல் பாசம் வேறு வைத்துவிட்டார். அச்சுக்கூடத்துக்கே வந்து எனக்கு வாழ்த்து மடல் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். "கடல் கடந்து செல்லும் அன்புச் செல்வமே" என்று என் பிரியாவிடைக்கு நானே எழுத்து அடுக்கினேன். (பிழை திருத்தியதும் நான்தான். "பொய்யறியா நெஞ்சமே" என்ற வரியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு திருத்தினேன்.)

கிளாக்கருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "தம்பி, சட்டம் உங்க பக்கம். 'போகலங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுக் கதவச் சாத்துங்க. ஒருத்தனாலயும் ஒங்கள அசைக்க முடியாது" என்றார்.

நானும் ஒரு வாரம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகினேன். வேளை வந்தபோது முதலாளி என் கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டார். அவர் சம்சாரம் அழுதுகொண்டே குழந்தையின் காலில் வெள்ளிக் கொலுசை மாட்டிவிட்டார். நான் வாயைத் திறந்தேன். "போயிட்டு வர்றோங்க" என்று வந்தது. சீ, நானும் ஒரு ஆம்பளை!

இந்தியக் கப்பல் புறப்படும் தலைமன்னார் வரைக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, ரயில் ஏற்றி, கையாட்டி அனுப்பினார்கள். ஹட்டன் ஸ்டேஷன் மறைகிற வரைக்கும் பார்வதியும் கையாட்டினாள். பிறகு கேட்டாள். "அப்ப, இந்தியாவுல எந்த ஊருங்க நம்ம ஊரு?"

அடுத்த ஸ்டேஷன் ரொசல்லையில் இறங்கிவிட்டோம். கொட்டுகிற மழையில் ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தோம். எங்கே போய்த் தங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது, எனக்கும் அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர், "புதுமாப்பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு, குழந்தையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் மாலை இன்னும் கழுத்தில் கிடப்பது தெரிந்தது. கழற்றுவதற்குள் பஸ் நின்றுவிட்டது. நின்ற இடம் முதலாளியின் கடை வாசல். (அந்த டிரைவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை!)

கடைப் பையன்கள் எங்கள் அறைக்குக் கிழங்கு மூட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தார்கள். முதலாளி என்னையும் மாலையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னாப்பா, கப்பல் அதுக்குள்ள போயிட்டுத் திரும்பிருச்சா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இந்தியாவில் எங்களுக்கு ஒரு நாதியும் இல்லை என்றேன். அவர் மாலையின் நுனியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போக மாட்டேன்னு நீ சொல்லியிருந்தா, நான் என்னா பண்ணியிருக்க முடியும்?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க."

"அது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா ரயில்ல ஏறுன?"

"மாலையப் போட்டுட்டீங்களே..."

முதலாளி ஒரு மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார். சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சட்டம் வந்த நாள்லேருந்து பாக்குறேன். நான் சொல்லி எந்திரிச்சுப் போன ஒரே குடித்தனக்காரன் நீதான்யா! ஒன்னைய நம்பாம யாரை நம்புறது?" பையன்களைப் பார்த்து, "டேய், மூட்டைய வெளிய எடுங்கடா" என்றார்.

கிழங்கு மறுபடியும் வெளியேறியது. அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே பூட்டிக் கிடந்த இன்னொரு அறையையும் திறந்து, என்னைப் போலவே அலைந்துகொண்டிருந்த ஒரு தையல்காரர் குடும்பத்துக்குக் கொடுத்தார். குழந்தை நனைகிறதே என்று கூரையைப் பிரித்து மேய்ந்தார். அந்தச் சாக்கில் கிளாக்கர் வீட்டு ஒழுக்கும் நின்றது.

அந்த அறையில் எங்களுக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவனுக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் டவுனில் அவன் பெயர் "கப்பல்"தான். இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து, "அப்ப நாங்க கெளம்புறோம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால், உள்ளேயிருந்து பார்வதி குரல் கொடுப்பாள்.

"ஏங்க, கடைக்குப் போயி ஒரு மாலை வாங்கிட்டு வாங்க!"