நூறு கிலோமீட்டர்

லிஃப்ட்காரர் கார் சாவியை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். டேஷ்போர்டில் அந்தக் குட்டி என்ஜின் படம் மறுபடி மஞ்சளாக எரிந்தது.

"நாளைக்குப் புகை டெஸ்ட். இன்னைக்குன்னு பார்த்து எரியுது."

பக்கத்து இருக்கையில் மனைவி வண்டியின் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். நூலகத்தில் வேலை. எதையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பாள்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு பாக்கட்டுமா?"

"இருபத்திரண்டு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றேன். என்னைக்காவது புத்தகம் பாத்திருக்கேனா?"

"இல்லதான்."

வண்டியை விற்பதாக ஏற்பாடு. கம்பெனி அவருக்கு வேன் கொடுத்துவிட்டது. பல் டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். புகைச் சான்றிதழ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனைவியிடம் கேட்டபோது, "உங்க இஷ்டம்" என்றாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மாடி வீட்டு டாக்ஸிக்காரரிடம் வண்டிக் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் இருந்தது. வாங்கி வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். திரையில் ஓர் எண் வந்தது. லிஃப்டில் பிழை வந்தால் முதலில் அழிப்பார்கள். திரும்ப வந்தால்தான் என்னவென்று பார்ப்பார்கள். கட்டைவிரல் தானாகப் போய் அழித்தது. விளக்கு அணைந்தது.

"முடிஞ்சுது பாத்தியா?"

"என்ன நம்பர் வந்துச்சு?"

"போனது போச்சு. அதுக்கு எதுக்கு ஜாதகம்?"

மறுநாள் பரிசோதனை நிலையத்துப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நேத்து அழிச்சீங்களா சார்?"

"எதை?"

"எல்லாத்தையும். வண்டிக்கு இப்ப ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஒரு நூறு கிலோமீட்டர் ஒரே சீரா ஓட்டிட்டு வாங்க. அதுவா தன்னைச் சோதிச்சுக்கும். டேங்க் பாதியாவது இருக்கட்டும்."

புதன்கிழமை லீவு போட்டார். அவர் கேட்காமலே மனைவியும் லீவு போட்டிருந்தாள். பிளாஸ்கில் டீயோடு வந்து உட்கார்ந்தாள்.

வழியில் வழக்கமான பங்க்கில் பெட்ரோல் போட்டார்கள். அது எப்போதும் அவள் பொறுப்பு. வரிசையில் நிற்க அவருக்குப் பொறுமை கிடையாது. அவர் டயருக்குக் காற்று கேட்கப் போனார்.

ஊர் தாண்டியதும் பேச்சு வந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு மேனேஜர், கதவு திறந்ததும் இவர் காலில் விழுந்த கதையைச் சொன்னார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இதை ஏங்க என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கல."

"நீங்க உக்காரல."

வியாழன் காலை விளக்கு எரிந்தது.

இந்த முறை டாக்ஸிக்காரரே ஸ்கேனரோடு இறங்கி வந்து செருகிப் பார்த்தார். "பெட்ரோல் ஆவி எங்கயோ வெளிய போகுதுங்கண்ணே. பெட்ரோல் டேங்க் மூடியைப் பாருங்க."

லிஃப்ட்காரர் மூடியைத் திருகினார். டக், டக், டக். மூன்று சுற்று உள்ளே போனது.

"பங்க்ல பெட்ரோல் போடுற பொம்பளை வேலை! இதுக்குத்தானா இத்தனை கூத்து?" என்று சொல்லிக்கொண்டே ஸ்கேனரைக் கையில் வாங்கினார். விளக்கு அணைந்தது.

டாக்ஸிக்காரர் தலையில் கை வைத்தார். "அண்ணே, மறுபடி அழிச்சிட்டீங்களா?"

லிஃப்ட்காரர் தன் கட்டைவிரலை அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை இன்னொரு லீவு. இன்னொரு நூறு. பிளாஸ்க், பெட்ரோல், காற்று. இந்தத் தடவை ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, இருவரும் டீ குடித்தார்கள். திரும்பும்போது அவள் ஓட்டினாள். அவர் தூங்கிவிட்டார். விளக்கு எரியவில்லை.

சனிக்கிழமை, பரிசோதனை நிலையத்தின் வாசலுக்கு இரண்டு தெரு முன்னால் எரிந்தது.

இறங்கிப் போய் மூடியைத் திருகினார். டக், டக், டக்.

தெருவிலேயே நின்று பல் டாக்டருக்குப் போன் செய்து, சான்றிதழ் நாளைக்குள் கிடைக்காது என்றார். டாக்டர் தன்மையாகத்தான் பேசினார். வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

லிஃப்ட்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார். பெரிதாக வருத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"அப்ப வண்டி?" என்றாள்.

"இருந்துட்டுப் போகட்டும். வேன்ல உன்னைக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆனா அந்தப் பெட்ரோல் பங்க் பொம்பளையை நான் சும்மா விடப்போறதில்ல."

"பாவம், விடுங்க. இனிமே இப்படி ஆகாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

அவர் வண்டியை நேராகப் பங்க்குக்கு விட்டார். தொப்பி போட்ட அந்தப் பெண் குழாயோடு வந்தாள். அவர் கதவைப் பட்டென்று திறந்து இறங்கினார்.

"ஏம்மா, ஒரு மூடியை ஒழுங்கா மூடத் தெரியாதா உனக்கு?"

அவள் பயப்படவில்லை. ஆச்சரியப்பட்டாள்.

"நான் ஒவ்வொரு தடவையும் டக் டக்னு சத்தம் வர்ற வரைக்கும் இறுக்கித்தான் சார் விடுறேன். அக்காதான் இறங்கி வந்து மறுபடி தளர்த்திவிடுவாங்க, வண்டிக்கு மூச்சு முட்டுதுன்னு."