கோட்டைத் தலைவியின் வாய்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்ற விருப்பத்துடன் தொடங்குகிறேன். இங்கே நான் நலம். உங்கள் தங்கையின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவள் எனக்குப் பத்தடி தூரத்தில் சமையலறையில் இருக்கிறாள். போன் அந்த வாசலிலேயே இருப்பதால் எழுதுகிறேன். முடிக்கும்வரை கோபப்படாதீர்கள், முடித்தபின் உங்கள் இஷ்டம்.

முப்பத்தோரு வருஷம் பல் செட் செய்த கை, ஓய்வு பெற்றதும் சும்மா இருக்குமா? தையல்காரர் கடையில் துணி வெட்டும் பெரிய மேசை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் நாங்கள் நாலு பேர் போர் விளையாடுகிறோம். சிரிக்காதீர்கள், பச்சைத் துணி விரித்தால் மைதானம், அட்டைப்பெட்டிதான் கோட்டை, பகடை போட்டுப் படையை நகர்த்துவோம். கடையில் வாங்கிய சிப்பாய்களுக்கு எல்லாம் ஒரே மூஞ்சி. அதனால் தெரிந்தவர்கள் முகத்தை வைத்து நானே செய்ய ஆரம்பித்தேன். மஞ்சள் பசையையும் நீலப் பசையையும் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகி, அரை நாளில் கல்லாக இறுகிவிடும். பிசைந்து தருவது உங்கள் தங்கைதான். ஆள் கட்டைவிரல் உயரம், தலை மிளகளவு. அந்த அளவில் உள்ளதை உள்ளபடி செய்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. எதையாவது ஒன்றைக் கூட்டிச் செய்ய வேண்டும், அப்போதுதான் பார்த்தவுடன் "அட, நம்ம ஆளு!" என்பார்கள்.

முதலில் மாடி வீட்டு வங்கிக் காவலாளியைச் செய்தேன். அவருக்கு இடது புருவம் கொஞ்சம் ஏறினாற்போல இருக்கும், நான் அதை நன்றாகவே ஏற்றிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் படிக்கட்டில் எதிரே வந்தார். புருவம் நெற்றி நடுவில் நிற்கிறது. "என்ன சார், என் மேல கோபமா?" என்று கேட்டேன். "அய்யோ இல்ல சார், எறக்க முடியல. தூங்கும்போதுகூட இப்படியே நிக்குதாம், வீட்டுல பக்கத்துல படுக்கவே பயப்படுறாங்க" என்றார். தற்செயல் என்று விட்டேன். அடுத்து தையல்காரரைக் கொடி பிடிப்பவராகச் செய்தேன். பக்கவாட்டில் பார்த்தால்தான் அவர் மூக்கு எடுப்பாகத் தெரியும் என்பதால் தலையை இடது பக்கம் திருப்பி வைத்தேன். இப்போது மனுஷருக்குத் தலை இந்தப் பக்கம் வரமாட்டேன் என்கிறது, சுவரைப் பார்த்துக்கொண்டே மிஷின் மிதிக்கிறார். போன வாரம் அவர் தைத்துக் கொடுத்த சட்டையில் இடது கை மட்டும் அளவாக இருக்கிறது, வலது கைக்குள் என் முழங்காலே போகும். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும் மச்சான். என் புத்தி எங்கே போயிற்றோ, கோட்டைக்குத் தலைவி வேண்டும் என்று உங்கள் தங்கையைச் செய்தேன்.

"மூக்கைப் பெரிசாக்கிடாதீங்க, அவ்வளவுதான் சொல்வேன்" என்று அவளே பசையைப் பிசைந்து கொடுத்தாள். மூக்கில் நான் கை வைக்கவில்லை. வாயில்தான் வைத்தேன். நம் வீட்டு விஷயம், உங்களுக்குத் தெரியாததா? கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு வாக்கியம் முடிக்க வாய்ப்புக் கிடைத்ததில்லை. குறும்புதான், வேறு கெட்ட எண்ணம் சத்தியமாக இல்லை, உதடுகளை நன்றாக அழுத்தி மூடிவிட்டேன். அத்தனை கச்சிதமாக வந்தது. அதைக் காட்டினேன், பார்த்தாள். அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் அவள் குரல் இல்லை. பதினோரு நாள் ஆகிறது.

குழாய் சொட்டுவது கேட்கிறது, மேலே காவலாளி நாற்காலி இழுப்பது கேட்கிறது, அவள் குரல் மட்டும் இல்லை. என் மேசை சுவரைப் பார்த்தது. பின்னால் வந்து முழங்கைப் பக்கம் தட்டை வைப்பாள், நிற்பாள், அவள் நிற்பது கழுத்தில் தெரியும். "என்னம்மா?" என்பேன். பதில் வராது. திரும்பிப் பார்க்க மட்டும் துணிவு வரவில்லை மச்சான். அந்த இடத்தில் வாய் இல்லாமல் வெறும் கோடு இருந்தால் நான் என்ன செய்வேன்? ஒரு நாள் பல் துளைக்கும் கருவியை எடுத்து பொம்மையின் உதட்டைத் திறந்துவிடலாம் என்று கிட்டே கொண்டுபோனேன். அது சுழல ஆரம்பித்ததும் சமையலறையில் தட்டு விழுந்து உடைந்தது. கருவியை அணைத்துவிட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

புதிதாக ஒன்று செய்வதுதான் வழி, வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி. அதற்குப் படம் வேண்டும். எங்கள் ஆல்பம் முழுவதும் புரட்டினேன். எல்லாம் நான் எடுத்த படங்கள். எதிலும் அவள் சிரிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன் உங்கள் வீட்டில் அவள் சிரித்த படம் ஒன்று இருந்தால் உடனே அனுப்புங்கள். எனக்கு அவள் பேச வேண்டும். என்னைத் திட்டினாலும் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட நாள் வாழ என் ஆசிகள்.

தங்கள் அன்பு மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை தோளுக்கு மேலாக முழுக் கடிதத்தையும் படித்துவிட்டாள். படம் அனுப்ப வேண்டாம். அவள் என் முன்னால் பச்சைப் பொம்மை ஒன்றை வைத்தாள், நான் செய்ததில்லை. மேசைமேல் குனிந்திருக்கும் வழுக்கைத் தலைக் கிழவன். நான்தான், பார்த்தவுடன் தெரிந்தது. மிச்சப் பசையில் அன்றைக்கே செய்திருக்கிறாள், அடியில் தேதி கீறியிருக்கிறது. தலையில் காது இரண்டும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாய் நன்றாகத்தான் இருக்கிறது மச்சான், நிற்காமல் அசைகிறது, குழாய் சொட்டுவது கேட்கிற எனக்குத்தான் அவள் பேசுவது மட்டும் கேட்கவில்லை. கடிதத்தின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: "பதினோரு நாளா பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்." காதோடு இன்னொரு பொம்மை செய்து தா என்று கும்பிட்டுக் கேட்டிருக்கிறேன். பேனாவை வைத்துவிட்டு வாயால்தான் பதில் சொல்கிறாள், சரி என்கிறாளா, மாட்டேன் என்கிறாளா, தெரியவில்லை. நீங்கள் போனில் அவளைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.