எல்லா இடத்திலும் லாக் அவுட்

இனி என் பாட்டை யாரும் நிறுத்த முடியாது என்று அந்த வெள்ளிக்கிழமை காலையில் முடிவு செய்தேன். யாரும் என்றால் என் மனைவி ஆஷா. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்.

நான் ஜெயவேலு. ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். என் பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டபடி வேலை பார்ப்பவன். பாட்டு இல்லாவிட்டால் எனக்குக் கூட்டல்கூட கழித்தலாகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், பாட்டு ஆப்பில் எங்கள் இருவருக்கும் ஒரே அக்கவுண்ட். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாடும். அவள் சமையலறையில் போனைத் தட்டினால் என் கம்ப்யூட்டர் பல்லவியோடு வாயை மூடிக்கொள்ளும். நான் திரும்பத் தட்டினால் அவள் போன் ஊமையாகும். அப்புறம் எனக்கு வேறு பாட்டு கிடைக்கும். அது ஆப்பில் வராது.

கீழ் வீட்டு மோகன்ராஜ் சாரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். செட்டிங்ஸில் 'எல்லா இடத்திலும் லாக் அவுட்' என்று ஒன்று இருக்கிறது, அதை அமுக்கிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றினால் தீர்ந்தது என்றார். அவர் வீட்டில் செய்து பார்த்தாரா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, அவ்வளவு தைரியம் தனக்கில்லை என்றார். அப்போதாவது நான் யோசித்திருக்கலாம்.

மதியம் ஆஷா காதில் இயர்போனோடு பல்லாவரம் சந்தைக்குக் கிளம்பினாள். பஸ் ஏறியிருப்பாள் என்று தெரிந்ததும் பட்டனை அமுக்கினேன். எல்லா இடத்திலும் லாக் அவுட் ஆனது. என் கம்ப்யூட்டர் உட்பட. உள்ளே போகப் பழைய பாஸ்வேர்டு கேட்டது. மறந்துவிட்டது என்றேன். சரி, பதிவு செய்த நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறேன் என்றது. அது ஆஷாவின் நம்பர்.

வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் செய்தேன்.

"ஆஷா, ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லேன்."

"எதுக்குங்க? எனக்கும் பாட்டு நின்னுபோச்சு."

"அதைத்தான் சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."

மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் சொன்னாள். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். அவளால் ஊகிக்கவே முடியாத பாஸ்வேர்டாகப் பார்த்துப் போட்டேன்.

சாயங்காலம் காய்ப் பையோடு வந்தவள், இன்னும் உள்ளே போக முடியவில்லை என்றாள். நான் அவள் போனை வாங்கி, அங்கே இங்கே தட்டி, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, சர்வரில் கோளாறு, சரியாக நாளாகும் என்றேன். "அப்படியா" என்று வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். சமையலறையில் சத்தமே இல்லை. நான் சரணம் வரை கேட்டேன். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சரணம் நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். தன் நம்பருக்கு ஓடிபி வாங்கிப் பழைய அக்கவுண்ட்டை மூடிவிட்டு ஃபேமிலி பிளான் எடுத்திருப்பதாகவும், இனி ஆளுக்கொரு அக்கவுண்ட், ஒரே நேரத்தில் இருவரும் கேட்கலாம் என்றும் சொன்னாள். என்னுடையதை அவளே கம்ப்யூட்டரில் போட்டும் கொடுத்தாள். எவ்வளவு சுலபமாகப் பணிந்துவிட்டாள் என்று எனக்கே ஆச்சரியம். கீழே போய் மோகன்ராஜ் சாரிடம் என் வெற்றியைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திங்கட்கிழமை ஆப்பைத் திறந்தால் மஞ்சள் வாத்து ஒன்று கைதட்டி வரவேற்றது. வரிசையாக நர்சரிப் பாட்டு. எனக்குப் பிடித்த காதல் பாட்டைத் தேடித் தட்டினேன். 'பெற்றோரின் அனுமதி தேவை' என்று வந்தது. சரி, செட்டிங்ஸில் மாற்றிவிடலாம் என்று பார்த்தால் அந்தப் பட்டனையே காணோம்.

சமையலறையில் ஆஷாவின் போன் ஜோராகப் பாடிக்கொண்டிருந்தது. போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் சத்தத்தைக் குறைத்தாள்.

"'உங்கள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது'ன்னு பஸ்ல இருக்கும்போதே எனக்கு மெசேஜ் வந்துடுச்சுங்க," என்றாள்.

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"அதான் உங்களுக்கு வயசு பத்துன்னு போட்டேன். அதுக்கு மேல போட்டா செட்டிங்ஸைத் தொட விடுதாம்."