இன்னும் வராத வெள்ளைக் காளை

நடைமுறை தெரியாதவன் சின்னத் தவறு செய்வான். நடைமுறை தெரிந்தவன் அதே தவறை முறைப்படி, முன்தயாரிப்போடு, நாலு பேரைச் சாட்சி வைத்துக்கொண்டு பெரிதாகச் செய்வான். இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்கவில்லை. நெற்குப்பையில், பெண் பார்க்கப் போன இடத்தில் கற்றேன்.

எழுபதுகளின் நடுவில், காரைக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சேர்க்கை விதி, விடுப்பு விதி, பயணப்படி விதி எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். (தலைகீழாகத் தெரிந்ததுதான் கோளாறு என்பார் எங்கள் மேலாளர்.) அந்தச் சமயத்தில் சூடானின் தென்பகுதியிலிருந்து மலுவால் என்று ஒரு மாணவன் பொறியியல் படிக்க வந்து சேர்ந்தான். ஆள் நெடுநெடுவென்று அவ்வளவு உயரம். எங்கள் அலுவலகத்து மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவோம்.

அவன் விண்ணப்பத்தில் ஓரிடத்தில் ‘டிங்கா’ என்று எழுதியிருந்தான். அன்று அலுவலகத்தில் வேறு வேலை நடக்கவில்லை. ஊர்ப்பெயர் என்றார் ஒருவர். வீட்டுப்பெயர் என்றார் இன்னொருவர். “சாதியா இருக்கும், எழுதிக்கிருங்க” என்றார் மேலாளர். கடைசியில் அவனையே கேட்டோம். எங்கள் மக்களுக்கு டிங்கா என்று பெயர், எங்கள் மொழிக்கும் அதுதான் பெயர், ஆனால் இரண்டும் பிறத்தியார் வைத்தவை, நாங்கள் எங்களை ஜியெங் என்றுதான் சொல்லிக்கொள்வோம் என்று பொறுமையாக விளக்கினான். ஒரு சந்தேகம் இருந்த இடத்தில் இப்போது நான்கு இருந்தன. நான் துணிந்து ஒரு முடிவெடுத்து, இனம், தாய்மொழி, சொந்த ஊர் மூன்று கட்டங்களிலும் டிங்கா என்றே நிரப்பினேன். ஒன்றாவது சரியாக இருக்குமல்லவா?

வெளிநாட்டு மாணவர் என்பதால் அவனைக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு நான்தான் கூட்டிப்போனேன். அப்படியே நட்பாகிவிட்டது. மாலையில் இருவரும் நடந்து போவோம். மேய்ச்சல் முடிந்து மாடுகள் திரும்பும் நேரம் பார்த்துச் சாலையோரம் நின்றுவிடுவான். தன் ஊரில் மாட்டின் ஒவ்வொரு நிறத்துக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிப் பெயர் உண்டு என்பான். அந்தப் பெயர்களையே பிள்ளைகளுக்கும் வைப்பார்களாம். மலுவால் என்பதே செவலைக் காளையின் பெயர். இதையெல்லாம் நான் அரைக்காதில்தான் கேட்டேன். மாடு சம்பந்தமாக எங்கள் கல்லூரியில் விதி எதுவும் கிடையாது. கல்யாணத்தைப் பற்றியும் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். அதை முழுக்காதில் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

எனக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து முறிந்திருந்தது. இரண்டு இடத்திலும் காரணம் என் அப்பா. பிள்ளை பி.ஏ., கல்லூரி உத்தியோகம் என்று ஆரம்பித்தால், மோட்டார் சைக்கிள், நகை, பித்தளைப் பாத்திரம் என்று போய்க்கொண்டே இருப்பார். மூன்றாவதாக வந்தது நெற்குப்பைப் பெண். பெயர் தெய்வானை. ஆசிரியர் பயிற்சி முடித்து அங்கேயே பள்ளியில் வேலை. புகைப்படத்தைப் பார்த்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன்: இது முறியக் கூடாது. ஆனால் அப்பாவிடம் அதைச் சொல்ல நடைமுறை இல்லை.

போகிற அன்று காலையில் என் அக்காள் புருஷன் வர மறுத்துவிட்டார். பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த வேட்டியின் கரை சிறியது என்று கோபம். மிச்சம் அப்பா, அம்மா, நான். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. நான்காவது ஆள் வேண்டும். உடனே விடுதிக்கு ஓடிப்போய் மலுவாலைக் கூட்டிவந்தேன்.

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். (மேலே பார்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.)

“வெளிநாட்டுக்காரரு. கோட்டு வேற போட்டிருக்காரு. நல்லதுதாண்டா. நம்ம மதிப்புக் கூடும்” என்றார். மதிப்பு என்று அவர் சொன்னால் மோட்டார் சைக்கிள் என்று பொருள்.

பேருந்தில் மலுவால் கூரைக்குப் பணிந்து குனிந்தபடியே ஆங்கிலத்தில் கேட்டான்: “உன் அக்காள் கணவர் வரவில்லையா? அப்படியானால் உன் பக்கம் எழுந்து பேச யார் இருக்கிறார்கள்?”

“நீதான் வருகிறாயே” என்றேன் நான், ஜன்னல் வழியே பார்த்தபடி. பிறகு அவன் வழி முழுக்கப் பேசவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவன் போல இருந்தான். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நெற்குப்பையில் நிலைப்படி தாழ்வு. மலுவால் இடுப்புவரை வளைந்து உள்ளே நுழைந்தான். பெண்ணின் சித்தப்பா அசந்துபோனார்: “எம்புட்டு மரியாதை பாருங்கண்ணே! நம்ம பயலுகளும் இருக்காய்ங்களே!”

என் மாமனார் (அன்றைக்கு இன்னும் ஆகவில்லை, ஆகாமலே போக இருந்தவர்) விவசாயி. மாடு வாங்குவதில் சுற்றுவட்டாரத்தில் பேர் பெற்றவர். பாய் விரித்து உட்கார வைத்தார். வெள்ளைப் பணியாரம் வந்தது. தெய்வானை காப்பி கொண்டுவந்தாள், விழுந்து கும்பிட்டாள், உள்ளே போனாள். எல்லாம் விதிப்படி. அப்பா தொண்டையைச் செருமினார். எனக்கு அந்தச் செருமல் தெரியும். இரண்டு சம்பந்தத்தை முறித்த செருமல்.

“அப்ப, பிள்ளைக்கு என்ன செய்யிறதா...” என்று அவர் தொடங்கியபோது மலுவால் என் காதில் கேட்டான்: “இப்போது என்ன பேச்சு?”

‘என் அப்பா பெண் வீட்டாரிடம் மோட்டார் சைக்கிள் கேட்கப்போகிறார்’ என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. “கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள்” என்றேன், பொதுவாக.

மலுவால் எழுந்து நின்றான்.

பெண்ணின் அப்பாவைப் பார்த்து, கணீரென்று ஆங்கிலத்தில் பேசினான். இவன் என் நண்பன், இவன் சார்பில் என் தகப்பனாரின் மந்தையிலிருந்து பத்துப் பசுக்கள் தருகிறேன், அத்தோடு ஒரு வெள்ளைக் காளை. சொல்லிவிட்டு, காளையின் கொம்பு எப்படி இருக்கும் என்று காட்ட இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வளைத்து உயர்த்தினான். ஒரு கை உத்தரத்தில் இடித்தது.

அப்பா என்னைப் பார்த்தார். “என்னடா சொல்றாரு?”

விதிமுறை எதுவும் ஞாபகம் வரவில்லை. “வீடு நல்லா இருக்குன்னு சொல்றாரு” என்றேன்.

“கைய இப்புடித் தூக்குறாகளே?” என்றார் மாமனார்.

“வீடு அவ்வளவு விசாலமாம்.”

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. யாரோ சிரிப்பை அடக்குவது மாதிரியும் கேட்டது. மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். முகத்தில் சந்தோஷம் இல்லை. மலுவால் அதைக் கவனித்துவிட்டான். போதவில்லை என்று நினைத்து, பசுவைப் பதினைந்தாக்கி, கைகளை இன்னும் அகலமாக விரித்தான்.

“இப்ப என்ன சொல்றாக?”

“காப்பி ரொம்ப நல்லா இருக்காம்.”

“காப்பிக்கா இம்புட்டு அகலம்?” என்றார் சித்தப்பா.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. “அப்பா, அவுக காப்பியப் பத்திப் பேசலை. வீட்டப் பத்தியும் பேசலை. இவுகளுக்காக நமக்குப் பதினஞ்சு பசுவும் ஒரு வெள்ளைக் காளையும் தாரேங்குறாக.”

பெண் ஆங்கிலப் பாடம் நடத்துகிறவள் என்பது ஜாதகத்தோடு வந்த விவரத்தில் இருந்தது. நான் புகைப்படத்தோடு நின்றுவிட்டேன்.

அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். அப்பா வாயைத் திறந்து, செருமாமலே மூடிக்கொண்டார். பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுப்பதா? அப்படி ஒரு விஷயத்தை நெற்குப்பை அதுவரை கேள்விப்பட்டதில்லை.

“அண்ணே, சும்மாவா தருவாக?” என்றார் சித்தப்பா தணிந்த குரலில். வீடு முழுக்கக் கேட்டது. “மாப்பிள்ளைக்கு என்னமோ கோளாறு இருக்கு.”

“எம்புள்ளைக்கு என்ன கோளாறு?” என்று அம்மா சீறினாள்.

“அதத்தான நாங்களும் கேக்குறோம், ஆத்தா.”

பிறகு நடந்ததை இந்த வட்டாரத்தில் வேறு எந்த ஆண்மகனும் அனுபவித்திருக்க மாட்டான். மாமனார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். “தம்பி, தப்பா நெனைக்காதீக. அங்குட்டு, கதவு வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டுங்க.”

நடந்தேன். திரும்பி வரச் சொன்னார். வந்தேன். சந்தையில் காளையைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்து என் காலைப் பார்த்தார். சித்தப்பா சுவரில் தொங்கிய நாட்காட்டியை எட்ட நின்று வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என் ராசிக்கு அன்று ‘குழப்பம்’ என்று போட்டிருந்தது. (அச்சிட்டவர் வாழ்க.)

“பாட வருமான்னு கேளுங்கப்பா” என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல்.

எனக்குப் பாட வராது. பதற்றத்தில் மனப்பாடமாக இருந்த ஒன்றை ஒப்பித்தேன். ஈட்டிய விடுப்பை எப்போது எடுக்கலாம், எப்போது சரண் செய்து பணமாக்கலாம் என்பது அது. குரலில் குறை இல்லை என்று முடிவாயிற்று. மலுவால் மட்டும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். இதுவும் இங்கே ஒரு சடங்கு போலும் என்று நினைத்திருக்கிறான். “நன்றாக நடந்தாய்” என்று என்னைப் பாராட்டவும் செய்தான்.

அதற்குமேல் தெய்வானையால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தாண்டி வெளியே வந்து, மலுவாலிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் சொன்னான். அவர்கள் ஊரில் பெண்ணை எடுக்கிறவன்தான் மாடு கொடுக்க வேண்டும். அவனால் முடியாவிட்டால் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், நண்பன் என்று ஆளுக்குக் கொஞ்சம் எழுந்து நின்று சொல்வார்கள். கூடப் போன நண்பன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது மாப்பிள்ளைக்கு அவமானம். இவன் பக்கம் யாருமே எழுந்திருக்கவில்லை. பாவம், ஆள் பலம் இல்லாதவன் என்று நினைத்தேன் என்றான்.

அவள் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். அவன் திகைத்துப்போய், குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டான். அவள் முகம் சிவந்தது. பிறகு திரும்பி, வகுப்பில் வாசிப்பது போல ஒரு வார்த்தை விடாமல் எல்லோருக்கும் சொன்னாள்:

“பொண்ணையும் குடுத்து, கூடப் பொருளும் குடுத்து அனுப்புறதா இருந்தா, இந்தப் பொண்ணுக்கு என்ன கோளாறுன்னு கேக்குறாக.”

ஒரே நாளில் ஒரே கூடத்தில் எனக்கும் கோளாறு, அவளுக்கும் கோளாறு. யாருக்கு என்ன கோளாறு என்று யாருக்கும் விளங்கவில்லை.

மாமனார்தான் முதலில் வாயைத் திறந்தார். “அவுக கேக்குறது ஞாயந்தானங்க?”

“அது... நம்ம பக்கத்து வழக்கம்னு ஒண்ணு...” என்றார் அப்பா.

“நீங்க கூட்டியாந்த ஆளே மாடு தாரேன்னு நிக்கிறாக. நீங்க என்ன கேக்க வந்தீக? சொல்லுங்க, அவுகளுக்கும் எடுத்துச் சொல்லச் சொல்றேன்.”

அப்பா அண்ணாந்து மலுவாலைப் பார்த்தார். மலுவால் குனிந்து, மிகுந்த மரியாதையோடு அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நேராக மோட்டார் சைக்கிள் என்று சொல்ல என் அப்பாவால் முடியவில்லை.

“நாங்க ஒண்ணும் கேக்க வரலைங்க” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது அந்த ஒரே ஒரு தடவைதான்.

தெய்வானை என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்குச் சம்மதம்ப்பா. கண்ணு தெரியுது, காலு நல்லா இருக்கு. பொய்யி மட்டும் சொல்ல வரலை. அது போதும்” என்றாள்.

நாங்கள் கிளம்பச் சாயங்காலமாகிவிட்டது. மலுவாலை மாமனார் விடவில்லை. தொழுவத்துக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு மாடாகக் காட்டி, மயிலை, காரி, செவலை என்று நிறப்பெயர் சொல்லிக்கொடுத்தார். அந்த நிறத்துக்குத் தன் மொழியில் உள்ள பெயரை அவன் சொன்னான். நடுவில் தெய்வானை மொழிபெயர்த்தாள். செவலையைக் காட்டியபோது அவன் தன் நெஞ்சில் கை வைத்து “மலுவால்” என்றான். “அட, ஒங்க பேரே செவலைதானா!” என்று மாமனார் குதித்தார். மாப்பிள்ளை என்று ஒருவன் அங்கே நின்றுகொண்டிருந்தது யாருக்கும் நினைவில்லை.

திரும்பும்போது பேருந்தில் அப்பா ஒரே ஒரு தடவை பேசினார். “மூணு பேராவே போயிருக்கலாம்டா.”

கொடுப்பதும் வாங்குவதும் இல்லாமல் கல்யாணம் நடந்தது. மலுவால் படிப்பை முடித்து ஊருக்குப் போனான். ஆனால் டிங்கா எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. சபையில் எவனாவது யோசிக்காமல் எழுந்து பெரிதாக எதையாவது ஒத்துக்கொண்டால், “டிங்கா போட்டுட்டான்” என்பார்கள். பேத்தியின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைப் பையன் துணி துவைப்பது என் பொறுப்பு என்று அறிவித்தபோது, எங்கள் பக்கத்து ஆட்கள் கிழவர் முதல் குழந்தைவரை இரண்டு கைகளையும் கொம்பு மாதிரி உயர்த்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். விளக்கிச் சொல்ல என்னைத்தான் எழுப்பிவிட்டார்கள். அந்தப் பெயரை மூன்று கட்டத்தில் நிரப்பினேனே, அங்கே இந்த அர்த்தத்துக்கு நாலாவது கட்டம் இல்லாமல் போனதுதான் குறை.

எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் தெய்வானை எழுந்து, சமையலறைப் பக்கம் போகாமல் கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள். காப்பி இல்லையா என்று கேட்டேன்.

“பதினஞ்சு பசுவும் ஒரு வெள்ளைக் காளையும் பாக்கி இருக்கு. அது வர்ற வரைக்கும் நான் இந்த வீட்டுல விருந்தாளி” என்றாள்.

அன்றிலிருந்து இன்றுவரை காலைக் காப்பி நான்தான் போடுகிறேன். நல்லா இருக்கா என்று கேட்டால் வாயால் பதில் வராது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி அகலம் காட்டுவாள்.