விதாத் மதாமின் குளம்

குளம் மறுபடியும் பச்சையாகிவிட்டது. முந்தின நாள்வரை வெளிர்பச்சையாக இருந்தது, இப்போது முலூகியாக் கீரைக் குழம்பைக் கொட்டிவைத்த மாதிரி கெட்டியாகக் கிடந்தது.

விதாத் கரையில் குந்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசர் ஊரின் நடுநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக அவளுக்கு இது முதல் வருடம். விடுமுறை முடிந்து திரும்பியபோது, பள்ளிக்குப் பின்னால் மணலில் இந்தக் குளம் தானாகவே தோன்றியிருந்தது. பாலைவனத்தின் ஓரத்தில் ஓர் ஊற்று. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வகுப்பையே கரைக்குக் கொண்டுவந்துவிட்டாள். "சூரியன் சமைக்குது, பாசி பரிமாறுது, மத்ததெல்லாம் உக்காந்து சாப்பிடுது" என்று அவள் சொன்னதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் சொல்லித் திரிந்தார்கள்.

அடுத்த மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் போடும் மதிப்பெண்ணில்தான் அவள் வேலை நிரந்தரமாகும். அதற்குள் தண்ணீர் தெளிய வேண்டும்.

தின்ன ஆளில்லாததால்தான் பாசி பெருகுகிறது என்று கணக்குப் போட்டு, பேரீச்சந்தோப்பு வாய்க்காலிலிருந்து பொடிமீன்களைப் பிடித்து வந்து விட்டாள். சில நாளில் குளம் இன்னும் பச்சையானது.

தலைமையாசிரியர் மொஞ்சி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து நின்றார். "மதாம், மீன் விட்டா சரியாயிடும்னீங்க."

"தப்பு என்னோடதுதான், மொஞ்சி ஐயா. ஆனா எவ்வளவு அழகான தப்புன்னு பாருங்க. பாசியத் தின்னுட்டிருந்த பொடிப்பூச்சிகள மீன் தின்னுடுச்சு. பாசிக்கு இப்பக் கேக்க ஆளே இல்ல."

"அந்த அழக இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க."

அப்படியானால் மீனைக் குறைக்க வேண்டும். மொஞ்சியின் மைத்துனர் வீட்டிலிருந்தே வாத்துகளை இரவல் வாங்கினாள். வாத்துகள் மீன்களை ஒரு கை பார்த்தன. ஆனால் தின்றதையெல்லாம் குளத்திலேயே திருப்பிக் கொடுத்தன. அது பாசிக்கு உரமாயிற்று. நாற்றம் எட்டாம் வகுப்பு ஜன்னல்வரை ஏறியது. விதாத்தோ உற்சாகத்தில் தரைக்கு ஒரு முழம் மேலே நடந்தாள். சத்து எங்கும் போவதில்லை, வயிறு விட்டு வயிறு மாறுகிறது, அவ்வளவுதான் என்று கரும்பலகை முழுக்க அம்புக்குறிகள் போட்டுக் காட்டினாள்.

வாத்துகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, உபரிச் சத்தை உறிஞ்சட்டும் என்று கரையெல்லாம் நாணலும் புதினாவும் நட்டாள். இரண்டும் வெறிபிடித்த மாதிரி வளர்ந்தன. நாணலுக்குள் தவளைகள் குடியேறின. அவை கத்திய கத்தில் கணக்கு வாத்தியார் சைகையிலேயே பாடம் நடத்த வேண்டியதாயிற்று. தவளைகளைத் தேடி ஒரு சாம்பல் நாரை வந்தது. நாரையைப் பார்க்கப் பாதி ஊர் மதில்மேல் ஏறியது. மதிலில் ஒரு பக்கம் சரிந்தது.

"நாளைக்கு அவர் வர்றார்" என்றார் மொஞ்சி. குனிந்து, சரிந்து கிடந்த கற்களை அடுக்க ஆரம்பித்தார்.

அன்றிரவு விதாத்துக்குத் தூக்கம் வரவில்லை. வேலை போனால் அப்பாவின் கடையில் துணி அளக்க வேண்டியதுதான். விடிந்ததும், எதையும் மறைப்பதில்லை, செய்த தப்பையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ஷத்லி சிரிக்கவே தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர். விதாத் கரையில் நின்று, மீனில் தோற்றதையும் வாத்தில் தோற்றதையும் மூச்சுவிடாமல் சொன்னாள். பிள்ளைகள் நடுநடுவே புகுந்து அவளைத் திருத்தினார்கள். நாரை அந்த நேரம் பார்த்து ஒரு தவளையைக் கவ்வி விழுங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பார்த்தால், இன்ஸ்பெக்டரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமா இந்தப் பாடத்தக் காகிதத்துலதான் பார்த்திருக்கேன். இன்னைக்குத்தான் உயிரோட பார்க்கறேன். முழு மதிப்பெண்" என்றார். விதாத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மொஞ்சி பூரித்துப்போய், அங்கேயே கரையோரத்துப் புதினாவைக் கைநிறையக் கிள்ளித் தேநீர் போடச் சொன்னார். அப்படி ஒரு மணம் யாரும் கண்டதில்லை. இன்ஸ்பெக்டர் மூன்றாவது கோப்பையை வாங்கிக்கொண்டு, இயற்கையில் எதுவும் வீணாவதில்லை, எல்லாம் சுற்றிச் சுற்றி நம்மிடமே வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, ஒரு வாய் உறிஞ்சினார்.

நீலச் சட்டைக்காரர் ஒருவர் கையில் நீளக் கம்பியோடு பின்னால் நின்றிருந்தார். இன்ஸ்பெக்டரின் ஓட்டுநர் என்று மொஞ்சி நினைத்திருந்தார். பள்ளி ஊழியர் என்று இன்ஸ்பெக்டர் நினைத்திருந்தார். விதாத் அவருக்கும் ஒரு கோப்பையை நீட்டினாள். அவர் அவசரமாகக் கையை அசைத்து மறுத்தார்.

"எனக்கு வேணாம், மதாம், நீங்க குடிங்க. பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் குழாய் எங்க உடைஞ்சு எங்க போய்த் தேங்குதுன்னு காலையிலேர்ந்து தேடிட்டிருந்தேன். இப்பத்தான் கிடைச்சுது."