பூரி விரதமும் பால்குடமும்

பிள்ளைகளா, விரதம் இருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பவர்கள் ஒரு வகை. சோற்றை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் உள்ளே தள்ளுகிறவர்கள் இன்னொரு வகை. அந்த இரண்டாம் வகைக்கு நான்தான் தலைவர்.

என் மகள் யாழினி டைபாய்டு வந்து துவண்டு கிடந்தபோது, வைகாசி விசாகத்துக்கு நானே பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். குணமாகிவிட்டாள். நானும் என் மனைவி செல்வியும் காப்புக் கட்டி விரதம் தொடங்கினோம். மதியம் ஒருவேளை சோறு. இரவில் பலகாரம் சாப்பிடலாம் என்பது எங்கள் வழக்கம்.

செல்விக்குப் பலகாரம் என்றால் இரண்டு இட்லி, அவித்த பாசிப்பயறு, ஒரு வாழைப்பழம். பகலில் இளநீரும் உப்புப் போட்ட நீர்மோரும் குடிப்பாள். எனக்குப் பலகாரம் என்றால் பூரி. அது தீர்ந்தால் போண்டா. அப்புறம் கேசரி (முருகனுக்குப் பிடிக்குமாம், யாரோ சொன்னார்கள்). பகலிலோ சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன். வைராக்கியமாம்!

"ராத்திரியில எண்ணெயில முங்கி எந்திரிக்கிறீங்க, பகல்ல ஒரு வாய் தண்ணி கெடையாது. சாமி கேட்டுச்சா இத?" என்றாள் செல்வி.

"விரதம்னா ஒடம்பு வருந்தணும்டி."

"வருந்தட்டும். கொடத்தக் கீழ போட்டுறாதீங்க."

விசாகத்தன்று ஆனையூரில் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினோம். வெறுங்கால். தார் ரோடு கொதித்தது. பாதி வழியில் முந்தின இரவுப் போண்டா நெஞ்சில் வந்து நின்று நலம் விசாரித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முன்னால் போன ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிந்தார். குடத்தைக் கீழே வைத்தால் வேண்டுதல் போச்சு. 'முருகா, பிள்ளைக்காகப்பா' என்று மனசுக்குள் அழுதேன்.

"அப்பா, ஆடுது!" என்று யாழினி கத்தினாள்.

தலையிலிருந்த பாரம் சட்டென்று இல்லாமல் போனது. செல்வி குடத்தைத் தன் தலைக்கு மாற்றிவிட்டு, தன் கைப்பையை என் தோளில் மாட்டினாள்.

"உள்ள மோரு இருக்கு, குடிச்சிட்டு மெதுவா வாங்க. நம்ம புள்ளைக்கு நேந்தது, யாரு தலையில போனா என்ன?"

அவளும் என்னைப் போல அத்தனை நாள் விரதம் இருந்தவள்தான். ஆனால் அந்த வெயிலில் அவள் நடந்த நடை இருக்கிறதே, கழுத்து அசையவில்லை, கால் பிசகவில்லை. ஒரு சொட்டுப் பாலும் சிந்தவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து மோரைக் குடித்தபடி, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெம்பு வந்ததும் பின்னாலேயே ஓடினேன்.

முருகன் கோயில் வாசலில் என் மைத்துனர் நின்றார். "என்ன மாப்ள, பால்கொடம் எடுக்கப் போறேன்னீக, பொம்பள பையத் தூக்கிட்டு வாரீக?"

பாலெல்லாம் முருகன் தலையில் இறங்கியது. யாழினி குதித்தாள். எனக்கு உயிர் வந்தது.

இப்போது விரத நாளில் நானும் பயறு, பழம், மோர்தான். உடம்பும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் குடம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு விசாகத்துக்கும் யாழினி அதை அம்மா தலையில் ஏற்றிவிட்டு, கைப்பையை என் தோளில் மாட்டுவாள்.

"இந்தாங்கப்பா ஒங்க காவடி. பாத்து, சிந்திராம வாங்க."